செட்டிநாட்டுச் சிறு தொழில்களின் இணையதளத்துக்கு எந்த இலவச பிளகின்?

வேர்ட்பிரஸ் டாஷ்போர்டில் புது பிளகின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) சேர்க்கும் பக்கத்தைத் திறந்து 'ஃபார்ம்' என்று தேடிப் பாருங்கள். பக்கம் பக்கமாக வந்து விழும். முதல் வரிசையில் இருப்பவை எல்லாமே நாலரை நட்சத்திரம், எல்லாமே இலவசம். எதைப் போடுவது என்று பிடிபடாமல் மூன்றைப் போட்டுப் பார்ப்பார்கள், இரண்டை எடுக்க மறந்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் தளம் நத்தையாக ஊரும். அதைவிட மோசம், வந்த விசாரணை எங்கே போனதென்றே தெரியாது.

இந்தப் பக்கத்தில் இணையதளம் வைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஆத்தங்குடிக் கல் பட்டறை. காரைக்குடியில் கைமுறுக்கு, சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம் போட்டு அனுப்பும் பலகாரக் கடை. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீட்டில் விருந்தினருக்கு அறை விடுபவர்கள். மூன்றுக்கும் ஒரே பட்டியல் ஒத்துவராது. பட்டறைக்கு வேண்டியது விசாரணை, பலகாரக் கடைக்கு ஆர்டர், வீட்டுக்கு இரண்டு மொழி. இதை மனத்தில் வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறோம். சொந்த ஹோஸ்டிங்கில் ஓடும் வேர்ட்பிரஸ் தளத்துக்கு மட்டுமே இது பொருந்தும்.

## எதை வைத்து அளப்பது

எடுத்தால் என்ன மிஞ்சும்? முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். இரண்டு வருடம் கழித்து அந்த பிளகினை நீக்கினால் உங்கள் பக்கங்கள், மொழிபெயர்ப்புகள், வாடிக்கையாளர் விவரங்கள் தளத்தில் இருக்குமா, கூடவே போய்விடுமா? இலவச பிளகினுக்கு நாம் தரும் உண்மையான விலை பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இலவசம் எந்த இடத்தில் முடிகிறது? எல்லா இலவசப் பதிப்பும் ஏதோ ஓர் இடத்தில் கதவைச் சாத்தும். சாத்தும் கதவு உங்களுக்குத் தேவையான அறையுடையதா என்பதுதான் விஷயம். பத்து வசதி பூட்டியிருந்தாலும் அவை நமக்கு வேண்டாதவை என்றால் கவலையில்லை.

யாராவது கவனிக்கிறார்களா? பிளகினின் பக்கத்தில் கடைசியாக அப்டேட் ஆன நாள், எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு வரை சோதிக்கப்பட்டது, எத்தனை தளங்களில் ஓடுகிறது ஆகிய மூன்றும் இருக்கும். உதவிப் பகுதிக்குப் போனால் கடந்த இரண்டு மாதத்தில் எத்தனை கேள்விகள் தீர்க்கப்பட்டன என்றும் தெரியும். நட்சத்திரத்தைவிட இந்த நான்கையும் நம்புங்கள். 'கடைசி மூன்று பெரிய பதிப்புகளோடு சோதிக்கப்படவில்லை' என்ற மஞ்சள் எச்சரிக்கை இருந்தால் அந்த பிளகின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

சுமை. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சின்ன வேலை செய்யும் பதினைந்து பிளகின் ஓடும் தளம் வேகமாக இருக்கலாம், எல்லாப் பக்கத்திலும் தன் ஸ்கிரிப்டை ஏற்றும் ஒரே ஒரு பிளகின் தளத்தைப் படுக்கவைக்கலாம்.

தமிழ் தாங்குமா? பட்டன், பிழைச் செய்தி, மெயில் தலைப்பு எல்லாவற்றையும் தமிழில் மாற்ற முடிய வேண்டும். 'திஸ் ஃபீல்ட் இஸ் ரிக்வயர்ட்' என்று சிவப்பில் வந்தால் பலகாரம் கேட்க வந்தவர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்.

## பிளகினே தேவைப்படாதவை

சில பிளகின்கள் பழக்கத்தால் மட்டுமே இன்னும் ஓடுகின்றன. படங்களைத் தேவைப்படும்போது ஏற்றுவதும், தேடுபொறிக்கான பக்கப் பட்டியலான சைட்மேப்பும் 2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5-லிருந்து உள்ளேயே இருக்கின்றன. அளவு குறைந்த வெப்பி (WebP) வகைப் படங்களை 5.8 முதல் நேரடியாக ஏற்றலாம். கூகுள் மேப்பில் 'பகிர்' அழுத்தி, உட்பதிக்கும் நிரலை எடுத்து ஒட்டினால் மேப் வந்துவிடும்.

வாட்ஸப் பட்டனுக்கும் அப்படித்தான். வாட்ஸப்பே தரும் நேரடி இணைப்பின் முடிவில் 91 சேர்த்துப் பத்து இலக்க எண்ணைப் போட்டு, சாதாரணப் பட்டனில் வைத்தால் போதும். கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது. பட்டன் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

## விசாரணை ஃபார்ம்

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பிளகின் தேர்வில் நேரடியாகப் பண நஷ்டம் வரும் இடம் இதுதான்.

| | காண்டாக்ட் ஃபார்ம் 7 | டபிள்யூபிஃபார்ம்ஸ் லைட் | ஃபுளூயன்ட் ஃபார்ம்ஸ் | ஃபார்மினேட்டர் |
|---|---|---|---|---|
| வந்த விசாரணையைத் தளத்தில் பார்க்கலாமா? | தானாக இல்லை. ஃபிளமிங்கோ சேர்த்தால் ஆம் | லைட்டில் இல்லை | ஆம் | ஆம் |
| பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி | தனி பிளகின் வேண்டும் | கட்டணம் | இலவசம் | இலவசம் |
| கணக்குப் போடும் புலம் | இல்லை | கட்டணம் | கட்டணம் | இலவசம் |
| அமைப்பது | குறிகளை எழுதத் தெரிய வேண்டும் | மிக எளிது | எளிது | எளிது |
| யாருக்கு? | ஒரே ஒரு சின்ன ஃபார்ம் போதும் என்பவர்களுக்கு | மெயில் வந்தால் போதும் என்பவர்களுக்கு | நாலைந்து ஃபார்ம் வைப்பவர்களுக்கு | கணக்கும் கோப்பும் தேவைப்படுபவர்களுக்கு |

அட்டவணையின் முதல் வரியை அழுத்திச் சொல்ல வேண்டும். காண்டாக்ட் ஃபார்ம் 7 வந்த செய்தியை எங்கும் சேமிப்பதில்லை. மெயிலாக அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். அந்த மெயில் ஸ்பாமில் விழுந்தாலோ வழியில் தொலைந்தாலோ அந்த விசாரணை எங்கேயும் இல்லை. அனுப்பியவர் திரையில் 'நன்றி' என்று பச்சையில் பார்த்துவிட்டுக் காத்திருப்பார். அதே ஆசிரியர் எழுதிய ஃபிளமிங்கோவையும் சேர்த்துப் போட்டால் செய்திகள் தளத்தில் தங்கும், சி.எஸ்.வி. கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். காண்டாக்ட் ஃபார்ம் 7 போடுவதென்றால் ஃபிளமிங்கோ இல்லாமல் போடாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு எங்கள் தேர்வு ஃபார்மினேட்டர். காரணம் கல்லின் கணக்கு. 10 அங்குலத்துக்கு 10 அங்குலக் கல்லின் பரப்பு 100 சதுர அங்குலம். ஒரு சதுர அடி என்பது 144. ஆக ஒரு சதுர அடிக்கு 1.44 கல். 8-க்கு 8 என்றால் 2.25 கல். வாடிக்கையாளர் 500 சதுர அடி என்று போட்டவுடன் ஃபார்மே 720 கல் என்று காட்டினால், உடைசலுக்கு 5 சதவீதம் கூட்டி 756 என்று காட்டினால், தொலைபேசியில் நடக்கும் பாதிப் பேச்சு மிச்சம். கணக்குப் புலத்தில் 'பரப்பு பெருக்கல் 1.44 பெருக்கல் 1.05' என்று எழுதினால் முடிந்தது. தசமம் வந்தால் மேல் முழு எண்ணுக்கு ஏற்றிச் சொல்லுங்கள்; முக்கால் கல் யாரும் வார்த்துத் தருவதில்லை.

பட்டறைக்கு இன்னொரு தேவை, வீட்டின் வரைபடத்தையோ பழைய தரையின் படத்தையோ வாடிக்கையாளர் அனுப்ப வேண்டும். காண்டாக்ட் ஃபார்ம் 7-இல் கோப்பு இணைக்கலாம், ஆனால் நீங்களாக மாற்றாவிட்டால் 1 எம்.பி.தான் எல்லை. இன்றைய கைபேசிப் படம் 3, 4 எம்.பி. வரும். 'கோப்பு பெரிதாக உள்ளது' என்று திருப்பி அனுப்பினால் மறுமுறை முயல்பவர் குறைவு. கோப்புக் குறியில் எல்லையை 8 எம்.பி. என்று கூட்டிவிடுங்கள். ஹோஸ்டிங்கின் சொந்த எல்லை அதைவிடக் குறைவாக இருந்தால் அதையும் கூட்டச் சொல்ல வேண்டும். ஃபுளூயன்ட் ஃபார்ம்ஸில் கோப்பு ஏற்றுவது கட்டணப் பதிப்பில்தான். இதைக் கவனிக்காமல் ஃபார்மையெல்லாம் அமைத்த பிறகு மாட்டிக்கொள்வதுண்டு.

எந்த ஃபார்மானாலும் கைபேசி எண்ணைக் கட்டாயமாக்கி, மெயில் முகவரியை விருப்பமாக விடுங்கள். நம் பக்கத்தில் மெயிலைத் தினமும் திறந்து பார்க்கும் வாடிக்கையாளரைவிட வாட்ஸப் பார்ப்பவர் அதிகம்.

### மெயில் ஏன் வந்து சேர்வதில்லை

வேர்ட்பிரஸ் தானாக அனுப்பும் மெயில் ஹோஸ்டிங்கின் பி.எச்.பி. வழியாகப் போகும். இந்த மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வருகிறதா என்று ஜிமெயிலால் உறுதிசெய்ய முடியாததால் ஸ்பாமில் தள்ளிவிடும். இதற்கு, மெயிலை முறையான மெயில் கணக்கின் வழியாக அனுப்பும் எஸ்.எம்.டி.பி. பிளகின் ஒன்று அவசியம். டபிள்யூபி மெயில் எஸ்.எம்.டி.பி. பிரபலமானது, ஆனால் எந்த மெயில் போனது, எது தோற்றது என்ற பதிவேடு அதில் கட்டணப் பதிப்புக்கு உரியது. ஃபுளூயன்ட் எஸ்.எம்.டி.பி.யில் அதுவும் இலவசம். பதிவேடு இல்லாமல் மெயில் சிக்கலைக் கண்டுபிடிப்பது இருட்டில் ஊசி தேடுவது போல, அதனால் இரண்டாவதையே சொல்வோம்.

ஜிமெயில் கணக்கை வைத்து அமைப்பதென்றால் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. கணக்கில் இரண்டு-படிச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்து அதைக் கொடுக்க வேண்டும். அனுப்புநர் முகவரி உங்களுடையதாகவே இருக்கட்டும். விசாரித்தவரின் முகவரியைப் 'பதில் அனுப்ப' என்ற இடத்தில் வையுங்கள். பலர் அனுப்புநர் இடத்திலேயே வாடிக்கையாளரின் முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். அவர் பெயரில் நம் சர்வர் மெயில் அனுப்புவது போலி மெயிலாகவே பார்க்கப்படும், திரும்பி வரும்.

## இரண்டு மொழி

விருந்தினர் வீடு நடத்துபவர்களுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மவர்களின் பிள்ளைகள் தமிழ் பேசினாலும் படிப்பது பலருக்கு ஆங்கிலத்தில்தான்.

பாலிலாங். ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பக்கம் எழுதி இரண்டையும் இணைக்கிறோம். உழைப்பு கூடுதல். ஆனால் மொழிகளின் எண்ணிக்கைக்குத் தடையில்லை, தேடுபொறி இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். முக்கியமாக, பிளகினை நீக்கினாலும் இரண்டு மொழிப் பக்கங்களும் சாதாரணப் பக்கங்களாகத் தளத்திலேயே இருக்கும். தளத்தில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளகினில் உள்ள பொருள்களை மொழிபெயர்க்க மட்டும் கட்டண இணைப்பு வேண்டும்.

டிரான்ஸ்லேட்பிரஸ். பக்கத்தைப் பார்த்தபடியே ஒவ்வொரு வரியையும் தொட்டு மொழிபெயர்க்கலாம். மிக வசதி. தீமும் ஃபார்மும் காட்டும் சொற்களும் இதில் பிடிபடும். இலவசத்தில் கூடுதலாக ஒரே ஒரு மொழி. நமக்கு அது போதும். பக்க முகவரியையும் தேடல் முடிவில் தெரியும் தலைப்பையும் மொழிபெயர்ப்பது கட்டணத்தில். மொழிபெயர்ப்புகள் அதன் சொந்த அட்டவணைகளில் சேமிக்கப்படுவதால் பிளகினை நிறுத்திய அன்றே இரண்டாம் மொழி தளத்திலிருந்து மறைந்துவிடும்.

ஜிடிரான்ஸ்லேட். ஐந்து நிமிடத்தில் நூறு மொழி. இலவசப் பதிப்பு பார்ப்பவரின் திரையிலேயே இயந்திர மொழிபெயர்ப்பைச் செய்வதால் தேடுபொறிக்கு அந்தப் பக்கங்கள் தெரியாது. பிரெஞ்சு, ஜெர்மன் விருந்தினருக்குக் கூடுதல் உதவியாக வைக்கலாம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு இதை நம்பி விட வேண்டாம். சீப்புச் சீடையில் உள்ள சீப்பைத் தலை வாரும் சீப்பாகவும், வீட்டின் முகப்பை இணையதளத்தின் முதல் பக்கமாகவும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்றெல்லாம் நாம் எழுதும் வீட்டை இயந்திரத்திடம் ஒப்படைப்பது சரியில்லை.

பக்கங்கள் பத்துக்குள் இருந்தால் பாலிலாங். பக்கம் கட்டும் பில்டர் கொண்டு தளம் அமைந்திருந்து, எழுத்து அங்கங்கே சிதறிக் கிடந்தால் டிரான்ஸ்லேட்பிரஸ். இதில் நாங்கள் பாலிலாங் பக்கம்தான், எடுத்தாலும் மிஞ்சுகிறது என்ற ஒரே காரணத்துக்காக.

எந்த பிளகின் போட்டாலும் தமிழ்ப் பக்கத்தின் முகவரியில் ஒரு சிக்கல் உண்டு. வேர்ட்பிரஸ் பக்க முகவரிக்கு 200 எழுத்து இடம் ஒதுக்கியிருக்கிறது. தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாறும். ஆக ஒரு குறிக்கு 9 இடம், மொத்தம் 22 குறிதான் கொள்ளும். 'கா' என்பதே இரண்டு குறி என்பதை மறக்க வேண்டாம். 'காரைக்குடி கைமுறுக்கு விலை' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'காரைக்குடி-கைமுறுக்கு-வி' என்பதோடு வெட்டுப்படும். வாட்ஸப்பில் பகிர்ந்தால் நாலு வரிக்குச் சதவீதக் குறியாக நீளவும் செய்யும். பக்கத்தை வெளியிடும் முன்பே முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக மாற்றிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய இணைப்புகளைத் திருப்பிவிடும் வேலை சேரும்.

## விற்பனை: வூகாமர்ஸா, வாட்ஸப்பா?

வூகாமர்ஸ் இலவசம். அதைச் சுற்றி வருபவை இலவசமல்ல. பணம் வாங்கும் நிறுவனத்தின் பிளகினுக்குக் காசில்லை, ஆனால் ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட்ட சதவீதத்தை அவர்கள் எடுப்பார்கள், அந்தக் கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. கூடை, கணக்கு, பணம் கட்டும் பக்கங்களைக் கேஷில் (வேகத்துக்காகத் தயாராகச் சேமித்து வைக்கும் பக்கப் பிரதியில்) வைக்க முடியாது என்பதால் மிக மலிவான ஹோஸ்டிங் தீபாவளி வாரத்தில் திணறும்.

பலகாரக் கடைக்கு இடிக்கும் இடம் கூரியர் கட்டணம். எடைக்கு ஏற்ற கட்டணம் வூகாமர்ஸில் தானாகக் கிடையாது. கைவசம் இருப்பது ஷிப்பிங் கிளாஸ், அதாவது அனுப்பும் கட்டணத்துக்காகப் பொருள்களைப் பிரிக்கும் வகை. அரைக் கிலோ, 1 கிலோ, 2 கிலோ என்று மூன்று கிளாஸ் வைத்து, தமிழ்நாடு, மற்ற மாநிலம், வெளிநாடு என்று மண்டலம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிலையான கட்டணம் போட்டால் இலவசத்திலேயே சமாளிக்கலாம். ஒரே ஆர்டரில் பல கிளாஸ் வந்தால் எல்லாக் கட்டணத்தையும் கூட்டுவதா, பெரிய கட்டணத்தை மட்டும் எடுப்பதா என்று கேட்கும். கூட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் 5 கிலோ பலகாரத்தை 2 கிலோ கட்டணத்தில் அனுப்ப நேரிடும்.

கல்யாணச் சீருக்குப் பலகாரம் போடும் ஆச்சிமார்களுக்கு வூகாமர்ஸ் தேவையே இல்லை. 'மணகோலம் இவ்வளவு, மாவுருண்டை இவ்வளவு, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் வேண்டும்' என்று பேசித் தீர்க்கிற வியாபாரம் அது. படமும் விலையும் உள்ள ஒரு பக்கம், கீழே வாட்ஸப் பட்டன், அவ்வளவே. ஆர்டர்களைக் கையால் எழுத முடியாமல் திணறும் நாள் வரும்போது வூகாமர்ஸுக்கு மாறலாம்.

## பேக்கப்

அப்டிராஃப்ட்பிளஸ் இலவசத்திலேயே நேரம் குறித்துப் பேக்கப் எடுத்து கூகுள் டிரைவுக்கு அனுப்பும், திரும்பவும் ஏற்றித் தரும். டேட்டாபேஸ், பிளகின், தீம், படங்கள், மற்றவை என்று ஐந்தாகப் பிரித்து வைப்பதால் தேவையானதை மட்டும் மீட்கலாம். ஆல்-இன்-ஒன் டபிள்யூபி மைக்ரேஷன் தளம் முழுவதையும் ஒரே கோப்பாகத் தரும். வேறு ஹோஸ்டிங்குக்கு மாற இனிமையானது. ஆனால் திரும்ப ஏற்றும்போது ஹோஸ்டிங்கின் அப்லோடு எல்லை குறுக்கே நிற்கும். 600 எம்.பி. கோப்பை வைத்துக்கொண்டு 64 எம்.பி. எல்லைக்கு முன்னால் நிற்பதுதான் அவசர நேரத்தில் நடக்கும். டூப்ளிகேட்டர் லைட்டும் இடம் மாற்றத்துக்கே. தினசரிக் காப்புக்கு அப்டிராஃப்ட்பிளஸ், இடம் மாற்ற மற்றவை.

அப்டிராஃப்ட்பிளஸை நிறுவினால் மட்டும் பேக்கப் தானாக ஓடாது. தொடக்கத்தில் 'மேனுவல்' என்றிருக்கும். டேட்டாபேஸுக்கு தினமும், கோப்புகளுக்கு வாரம் ஒருமுறை என்று மாற்றுங்கள். வைத்திருக்கும் பிரதிகளின் எண்ணிக்கை 2 என்றிருக்கும். டேட்டாபேஸுக்கு அதை 14 ஆக்குங்கள். தளத்தில் தீங்கு நுழைந்தது மூன்றாம் நாள்தான் தெரிந்தால், இரண்டு பிரதியும் கெட்ட பிரதியாகவே இருக்கும்.

நேரம் குறித்த வேலைகள் வேர்ட்பிரஸில் யாராவது தளத்தைத் திறந்தால்தான் ஓடும். கேஷிலிருந்து பக்கம் போனால் அந்தத் தூண்டுதலும் கிடைக்காது. கோடையில் விருந்தினர் வீட்டுத் தளத்தைப் பார்ப்பவர் குறைவு என்பதால் 'தினமும்' என்று போட்ட பேக்கப் நாள்கணக்கில் தள்ளிப்போகும். ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சி-பேனலில் கிரான் ஜாப் (சர்வரே குறித்த நேரத்தில் ஓட்டும் வேலை) ஒன்றை அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால் இது தீரும்.

## வேகம்

கேஷ் பிளகினைத் தேர்ந்தெடுப்பது உங்கள் ரசனையைப் பொறுத்ததல்ல, சர்வரைப் பொறுத்தது. டாஷ்போர்டின் கருவிகள் பகுதியில் தள ஆரோக்கியம், அதில் தகவல், அதில் சர்வர் என்று போனால் வெப் சர்வரின் பெயர் இருக்கும். லைட்ஸ்பீட் என்றிருந்தால் லைட்ஸ்பீட் கேஷ் போடுங்கள், மறுபேச்சு வேண்டாம். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்றிருந்தால் அதன் முக்கிய வேலையான பக்கக் கேஷ் நடக்காது. டபிள்யூபி சூப்பர் கேஷ் எளிமையானது, போதுமானது.

இரண்டு கேஷ் பிளகின் ஒரு நாளும் சேர்ந்து ஓடக்கூடாது. இரண்டும் ஒரே கோப்பை எழுதப் பார்க்கும். ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும். பிறகு வெள்ளைத் திரை, பழைய விலை, பாதி ஏறிய பக்கம் என்று வரும்.

லைட்ஸ்பீட் கேஷ் ஒரு பக்கத்தை 604800 நொடி, அதாவது 7 நாள் வைத்திருக்கும் அமைப்போடு வருகிறது. சில ஃபார்ம்களின் பாதுகாப்புச் சீட்டு 12 முதல் 24 மணி நேரத்தில் காலாவதியாகும். மூன்று நாள் பழைய பக்கத்திலிருந்து அனுப்பும் ஃபார்ம் பிழை சொல்லி நிற்பது இதனால்தான். ஃபார்ம் உள்ள பக்கத்தைக் கேஷிலிருந்து விலக்குங்கள், அல்லது ஆயுளை 36000 நொடியாகக் குறையுங்கள்.

படங்களுக்கு வரும்போது, இலவச சுருக்கும் பிளகின்களின் மாதக் கணக்கைப் பாருங்கள். ஷார்ட்பிக்செல் மாதம் 100 கிரெடிட் தருகிறது. வேர்ட்பிரஸ் ஒரு பெரிய படத்துக்கு ஆறு சின்னப் பிரதிகள் எடுக்கும். மூலப் படத்தையும் சேர்த்து ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட். அப்படியானால் மாதத்துக்கு 14 படம்தான். எழுபது வடிவக் கல்லைக் காட்டும் பட்டறைக்கு இது எங்கே போதும்? ஏற்றும் முன்பே கணினியில் அகலத்தை 1600 பிக்செலுக்கும் தரத்தை 75-க்கும் குறைத்து வெப்பியாக மாற்றிவிட்டால் எந்த பிளகினும் வேண்டாம். கல்லின் நிறம் மாறித் தெரிந்தால் தரத்தை 85 ஆக்குங்கள். சிவப்பு ஆக்சைடு படத்தில் ஆரஞ்சாகத் தெரிந்து, லாரி வந்து இறங்கிய பிறகு வாடிக்கையாளர் சண்டைக்கு வருவதைவிடப் பக்கம் அரை நொடி தாமதமாகத் திறப்பது நல்லது.

## எஸ்.இ.ஓ.வும் பாதுகாப்பும்

எஸ்.இ.ஓ.வுக்கு, அதாவது தேடுபொறியில் தளம் நன்றாகத் தெரிவதற்கு, யோஸ்ட், ரேங்க் மேத் இரண்டுமே நன்று. பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பும் வசதி யோஸ்டில் கட்டணம், ரேங்க் மேத்தில் இலவசம். ரேங்க் மேத்தில் வசதிகள் அதிகம் என்பதால், வேண்டாதவற்றை அணைத்துவிட வேண்டும். விளம்பரமே இல்லாமல் அமைதியாக இருக்க வேண்டுமென்றால் தி எஸ்.இ.ஓ. ஃபிரேம்வொர்க். யோஸ்டின் வாசிப்புத்திறன் சோதனை தமிழுக்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் சிவப்புப் புள்ளியைப் பச்சையாக்கத் தமிழ் வாக்கியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாதுகாப்புக்கு வேர்ட்ஃபென்ஸ் இலவசம் போதும். புதிய தாக்குதல்களுக்கான விதிகள் கட்டணதாரருக்கு உடனே, இலவசத்தாருக்கு 30 நாள் கழித்துத்தான் வரும். அந்த 30 நாளை அடைப்பது உங்கள் அப்டேட்தான். 2024 ஆகஸ்டில் லைட்ஸ்பீட் கேஷிலேயே, வெளியாள் நிர்வாகியாக நுழையக்கூடிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அப்போது அது 50 லட்சத்துக்கும் மேலான தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 6.4 பதிப்பில் சரிசெய்திருந்தார்கள்; அப்டேட் செய்தவர் தப்பினார். பெயர் பெற்ற பிளகினுக்கும் இது நேரும். சிறிய ஹோஸ்டிங்கில் வேர்ட்ஃபென்ஸின் முழு ஸ்கேன் தளத்தை இழுக்கும், எனவே குறைந்த வளம் எடுக்கும் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள்.

அக்கிஸ்மெட் பற்றி ஒரு எச்சரிக்கை: அதன் இலவசச் சாவி வியாபாரமில்லாத சொந்தத் தளங்களுக்கு மட்டும். கடைத் தளத்தில் போடுவது விதிமீறல். ஆண்டிஸ்பாம் பீ இலவசம், கருத்துப் பகுதிக்கு மட்டும். கருத்துப் பகுதியே வேண்டாம் என்றால் அமைப்பில் அணைத்துவிடுங்கள், அந்த பிளகினும் மிச்சம்.

## மூவருக்கும் எங்கள் பரிந்துரை

கல் பட்டறை: ஃபார்மினேட்டர், ஃபுளூயன்ட் எஸ்.எம்.டி.பி., அப்டிராஃப்ட்பிளஸ், ஒரு கேஷ், ரேங்க் மேத், வேர்ட்ஃபென்ஸ்.

பலகாரக் கடை: ஆர்டர் குறைவாக இருக்கும் வரை ஃபார்மும் வேண்டாம், வாட்ஸப் பட்டனும் அப்டிராஃப்ட்பிளஸும் வேர்ட்ஃபென்ஸும் போதும். வூகாமர்ஸ் வந்துவிட்டால் ஃபுளூயன்ட் எஸ்.எம்.டி.பி. கட்டாயம், ஆர்டர் மெயில் தொலையக்கூடாது. டேட்டாபேஸ் பேக்கப்பை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள்.

விருந்தினர் வீடு: பாலிலாங், காண்டாக்ட் ஃபார்ம் 7 உடன் ஃபிளமிங்கோ, ஃபுளூயன்ட் எஸ்.எம்.டி.பி., அப்டிராஃப்ட்பிளஸ், ஒரு கேஷ், தி எஸ்.இ.ஓ. ஃபிரேம்வொர்க், வேர்ட்ஃபென்ஸ்.

## போடும் வரிசை

முதலில் அப்டிராஃப்ட்பிளஸ். ஒரு முழுப் பேக்கப் எடுத்து, அது டிரைவில் போய் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மற்றவை. அடுத்து எஸ்.எம்.டி.பி., அதன் சோதனை மெயில் வந்த பிறகு ஃபார்ம், பிறகு மொழி, எஸ்.இ.ஓ., பாதுகாப்பு. கேஷ் எல்லாவற்றுக்கும் கடைசியில். கேஷை முதலில் போட்டால் செய்த மாற்றம் திரையில் தெரியாது, தெரியாததால் வேறெதையோ மாற்றிக் குழப்பிக்கொள்வீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்குப் பிறகும் கைபேசியில், லாகின் செய்யாத பிரவுசரில், தளத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பிளகினால் தளம் முழுதும் நின்றுவிட்டால் நிர்வாகி மெயிலுக்கு மீட்பு இணைப்பு வரும்; அது வராவிட்டால் சி-பேனலின் ஃபைல் மேனேஜரில் அந்த பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள், பிளகின் தானாக அணைந்து தளம் எழுந்துவிடும்.

தானியங்கி அப்டேட்டை வேர்ட்ஃபென்ஸ், ஃபார்ம், கேஷ், எஸ்.இ.ஓ. பிளகின்களுக்குப் போட்டுவிடலாம். வேர்ட்பிரஸ் 6.6 முதல், தானாக அப்டேட் ஆன பிளகின் தளத்தைச் சாய்த்தால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும். வூகாமர்ஸை மட்டும் கையால் செய்யுங்கள், ஆர்டர் குறைவான நாளில், பேக்கப் எடுத்த கையோடு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் பாதுகாப்பு அப்டேட் தவிர எதையும் தொட வேண்டாம்.

மாதம் ஒருமுறை உங்கள் ஃபார்மை நீங்களே வேறொரு கைபேசியிலிருந்து நிரப்பி அனுப்புங்கள். மெயில் வந்ததா, தளத்தில் பதிவானதா, ஸ்பாமில் ஏதாவது கிடக்கிறதா என்று மூன்று இடத்திலும் பாருங்கள்.